பெயர்த்தெடுக்க முடிகிற தரை

சென்னைக் கடலோரத்துப் பாலவாக்கத்தில் தோட்டத்துத் தளம் போட வேண்டும் என்று யார் கூப்பிட்டாலும், மண்ணைப் பார்ப்பதற்கு முன் கேட்டின் கீலைப் பார்ப்பேன். அடுத்து ஏசியின் வெளிப்பெட்டி, கிழக்குப் பக்க ஜன்னல் கம்பி. கீல் எவ்வளவு அரித்திருக்கிறது, ஏசியின் அலுமினியத் தகடு தொட்டால் உதிர்கிறதா, கம்பியில் பெயின்ட் எங்கே கொப்புளித்திருக்கிறது என்று பார்த்தால் அந்த மனைக்குக் கடல் எவ்வளவு பக்கம் என்பது தெரிந்துவிடும். டேப் பிடித்து அளந்த தூரத்தில் அது தெரியாது. ஈசிஆர் என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலைக்குக் கிழக்கே ஒரே தெருவில், முன்னால் மூன்று மாடிக் கட்டடம் மறைக்கிற வீட்டில் பல வருடம் நிற்கிற இரும்பு, பக்கத்து வீட்டில் காலி மனை வழியாகக் காற்று நேரே அடிப்பதால் இரண்டு மூன்று மழைக்காலத்தில் பொரிந்துவிடும்.

நான் தொழில் கற்றது கடற்கரையில் இல்லை. மயிலாப்பூரிலும் தி.நகரிலும் மெட்ராஸ் தளம் போட்ட பழைய வீடுகளில் மொட்டைமாடி ஒழுகலைச் சரிசெய்யும் ஒரு மேஸ்திரியிடம் சித்தாளாகச் சேர்ந்தேன். தேக்குச் சட்டங்களுக்கு மேல் சின்னச் செங்கல்லைப் பக்கவாட்டில் நிறுத்திச் சாய்வரிசையாக அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் தெளித்து நாள்கணக்கில் கட்டையால் தட்டி இறுக்குகிற வேலை அது. தண்ணீர் எங்கே நிற்கும், எங்கே ஓடும் என்று பார்க்கிற கண் அந்த மாடிகளில்தான் எனக்கு வந்தது. மேஸ்திரி ரசமட்டத்தோடு நிறுத்திக்கொள்ளமாட்டார். ஒரு சொம்புத் தண்ணீரைத் தரையில் ஊற்றிவிட்டுக் கைகட்டி நிற்பார். "தண்ணி பொய் சொல்லாதுடா" என்பார்.

பிறகு வேலை தெற்கே நகர்ந்தது. 2011-ல் பாலவாக்கம் சென்னை மாநகராட்சிக்குள் வந்தது. அதற்கு முன்பிருந்தே கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரை என்று மனை வாங்கி வீடு கட்டியவர்கள், பின்பக்கம் கிடக்கிற மணலில் நாற்காலி போட்டு உட்கார ஓர் இடம் கேட்கத் தொடங்கியிருந்தார்கள். சிலர் டெக் என்பார்கள், சிலர் சிட்-அவுட், சிலர் முற்றம். எந்தப் பெயரில் கேட்டாலும் கையில் ஒரு படம் இருக்கும். இருபது வருடம் உழைக்கிற பொருள் எது என்றும் கேட்பார்கள்.

இந்தக் கரையில் எந்தப் பொருளும் என்றாவது ஒரு நாள் தோற்கும். உப்பு அவசரப்படாமல் வேலை செய்யும். அதனால் எது தோற்காது என்று நான் தேடுவதில்லை. தோற்கிற நாளில் அந்த ஒரு துண்டை மட்டும் கழற்றி, பக்கத்துத் துண்டுக்குச் சேதமில்லாமல் வேறு ஒன்றை வைக்க முடியுமா என்று பார்க்கிறேன். நான் எடுத்துச் செய்கிற ஒவ்வொரு வேலையிலும் பொருளை முடிவு செய்வது இந்தக் கேள்விதான்.

அமெரிக்காவில் மகன் வீட்டில் சில மாதம் இருந்துவிட்டு வந்த ஓர் அம்மா, மரத்தில் டெக் வேண்டும் என்று உறுதியாக இருந்தார்.

"தம்பி, பையன் வீட்டுல பின்னாடி பூரா பலகை அடிச்சிருக்கான். செருப்பில்லாம நடக்க அவ்வளவு நல்லா இருந்துச்சு. நமக்கும் அப்படியே போட்டுடுங்க."

"போடலாம்மா. ஆனா அங்க குளிர்ல தரை உறைஞ்சு மேல தூக்கும். அதனாலதான் ஆழமாத் தூண் எறக்கி, தரையைத் தொடாம மேடையாக் கட்டுறாங்க. நம்ம மணலுக்கு அந்தத் தொந்தரவு இல்லையே."

"மரம்னா காலுக்கு இதமா இருக்குமே?"

"நெழல்ல இருந்தா இருக்கும்."

அங்கே பைன் மரம் எளிதாகக் கிடைக்கிறது. அழுத்தம் கொடுத்து மருந்தேற்றிய பலகையாக விற்கிறார்கள். 2003 முடிய அந்த மருந்தில் ஆர்சனிக் இருந்தது. வீட்டு வேலைகளுக்கு அதை நிறுத்தியபின் செம்பு கலந்த மருந்துகள் வந்தன. செம்பு ஏறிய பலகை சாதாரண ஆணியை அரிக்கும் என்பதால் அங்கேயே அதற்கென்று தனி ஆணிதான் அடிக்கிறார்கள். அதே பலகையை இறக்குமதி செய்து இங்கே உப்புக்காற்றில் போட்டால் ஆணிக்கு இரண்டு பக்கமும் எதிரி.

நம் மரங்களில் திறந்தவெளிக்குத் தேக்கை மிஞ்ச ஆள் இல்லை என்று சொல்வார்கள். முழுச் சேகுத் தேக்கு என்றால் நானும் ஒத்துக்கொள்வேன். இன்று கடையில் வருகிற இளமரத்தில் ஓரமெல்லாம் வெள்ளை ஓடியிருக்கும். வெள்ளையைக் கரையான் விடாது. பலகையை இரண்டு பக்கமும் திருப்பி, குறுக்குவெட்டில் நிறம் மாறுகிற இடத்தைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். பழைய வீடு இடித்த தேக்குச் சட்டம் கிடைத்தால் அதையே எடுப்பேன். ஆணி ஓட்டைகளைப் பொருட்படுத்தமாட்டேன். அடிப்பக்கத்துக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசச் சொல்வேன். படகுக்காரர்கள் மரத்துக்குப் பூசிய எண்ணெய் அது. கையில் பட்டால் தோல் புண்ணாகும், உறை போட்டுத்தான் பூச வேண்டும்.

மரத்தைத் தூக்கிக் கட்டினால் அடியில் இடைவெளி வரும். பாலவாக்கத்து மணலில் அந்த இடைவெளியை முதலில் கண்டுபிடிப்பது பெருச்சாளி. பலகைக்கு அடியில் அது வளை தோண்டிவிட்டால் தாங்குகல் ஒரு பக்கம் இறங்கும், மேடை ஆடும். ஒரு சாண் உயரத்தில் மேடை கட்டுவது எல்லாவற்றிலும் மோசம். பெருச்சாளி புகும், ஆள் புகுந்து கூட்ட முடியாது. கட்டினால் இரண்டடிக்கு மேல் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் தரையோடு போட வேண்டும்.

மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த டபிள்யூபிசி பலகையைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். கரையான் தொல்லை கிட்டத்தட்ட இல்லை என்பது உண்மை. கத்திரி வெயிலில் மத்தியானம் அதன்மேல் வெறுங்காலை வைத்துப் பார்த்தவர்கள் என்னிடம் திரும்பக் கேட்டதில்லை. சூட்டில் நீளவாக்கில் விரியும். முனையில் இடைவெளி விடாமல் முட்டவைத்த பலகைகள் நடுவில் வில்லாக எழும்பியதை வேறு ஆட்கள் போட்ட மேடைகளில் பார்த்திருக்கிறேன். மாடி பால்கனிக்கு அது பொருந்தும். கடல்மணலில் வெயிலைப் பார்த்துக் கிடக்கிற தோட்டத்துக்கு நான் சொல்லமாட்டேன்.

மரத்தை விட அதை மாட்டுகிற திருகாணியில்தான் நான் அதிகம் பிடிவாதம் பிடிப்பேன். மரக்கடையில் எல்லோரும் பேரம் பேசுவார்கள். ஹார்டுவேர் கடையில் "எஸ்.எஸ். திருகாணி குடுங்க" என்று கேட்டு, கொடுத்ததை வாங்கி வந்துவிடுவார்கள். கிடைப்பது பெரும்பாலும் துருப்பிடிக்காத எஃகில் 202. நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்த மலிவு ரகம். ஈசிஆர் ஓரம் மாடிக் கைப்பிடிகளில் தேநீர்க் கறைபோல் பழுப்பு வடிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பெரும்பாலானவை 202 ரகம்தான். 304 கொஞ்சம் தாங்கும். கடல் காற்று நேரே அடிக்கிற இடத்துக்கு 316 வேண்டும். அதில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்ப்பதால் உப்பு அதைத் துளைப்பது கடினம். காந்தம் வைத்துப் பார்த்து இவற்றைப் பிரிக்க முடியாது. சொட்டு மருந்து விட்டு நிறம் பார்க்கிற சோதனைக் குப்பி விற்கிறார்கள். பில்லில் ரகத்தை எழுதி வாங்குவதோடு அதையும் செய்யுங்கள். 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் வந்துபோனபின் நான் பார்த்த மேடைகளில் உடைந்த பலகைகள் குறைவு. தலை அரித்த திருகாணிகள் விட்டுக்கொடுத்து முழுப் பலகையாகப் பறந்தவையே நிறைய.

கல்லுக்கு வருகிறேன். எனக்குப் பிரியமான இடம் இதுதான்.

உப்பு கல்லை எப்படித் தின்கிறது என்று தெரிய வேண்டுமென்றால் ஈசிஆரிலேயே தெற்கே போய் மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலைப் பார்க்க வேண்டும். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் எழுப்பியது, கருங்கல். உப்புநீர் துளைகளுக்குள் இறங்கி, காயும்போது படிகமாகி விரிந்து, துகள் துகளாகக் கல்லை உதிர்க்கிறது. அங்கே தொல்லியல் துறையினர் காகிதக் கூழை ஈரமாக அப்பிக் காயவிட்டுக் கல்லிலிருந்து உப்பை உறிஞ்சி எடுக்கிறார்கள். காற்றைத் தடுக்கச் சவுக்கு நட்டிருக்கிறார்கள். கருங்கல்லுக்கே ஆயிரத்து முந்நூறு வருடத்தில் இந்த நிலை என்றால், துளை அதிகமுள்ள கல் எத்தனை வருடம் நிற்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

வடக்கிலிருந்து வருகிற மணற்கல் பார்க்க அழகு. அதன் இளம்பச்சையையும் ரோஜா நிறத்தையும் பார்த்து மயங்காதவர் இல்லை. கடலோரத்தில் அது ஏடு ஏடாக உரியும். செங்கல்லும் அப்படித்தான், சாதாரண ரகச் செங்கல் ஒருநாள் தண்ணீரில் ஊறினால் தன் எடையில் 20 சதவீதம் வரை குடிக்கலாம் என்று இந்தியத் தரநிர்ணயமே அனுமதிக்கிறது. குடித்த தண்ணீரோடு உப்பும் உள்ளே போகும். பாலவாக்கத்தில் பழைய மதில்களின் கீழ் இரண்டு வரிசை பொரிந்து மாவாகியிருப்பதற்கு அதுதான் காரணம். ஆத்தங்குடிக் கல்லை வெளியே போடக் கேட்பவர்களும் உண்டு. கண்ணாடியில் வார்த்து, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிற அந்த சிமென்ட் கல் காலடி பட்டுப்பட்டு மெருகேறுகிற உள்வீட்டுப் பொருள். மழையிலும் வெயிலிலும் போட்டு அதன் நிறத்தைக் கெடுக்க எனக்கு மனம் வராது.

கடப்பா, கோட்டா, தாண்டூர் மூன்றும் சுண்ணாம்புக்கல் வகை. நிழலில் நன்றாக இருக்கும். கடப்பாவின் கறுப்பு மே மாதத்தில் கால் பொசுக்கும். இவற்றுக்கு உப்பை விடப் பெரிய எதிரி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது: ஆசிட். வேலை முடிந்ததும் சிமென்ட் கறை போக ஆசிட் ஊற்றிக் கழுவுவது சில கொத்தனார்களுக்குக் கைவந்த பழக்கம். சுண்ணாம்புக்கல் அதில் நுரைத்துப் பொங்கும், மேல்தோல் போய்விடும், பிறகு பாசி பிடிக்கும். பாத்ரூமுக்கு வாங்கின புட்டியை வேலைக்காரர் தோட்டத்துக்கு எடுத்து வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் கடைசியில் போய் நிற்பது சாம்பல் நிறக் கருங்கல்லில். கிருஷ்ணகிரி, ஒசூர் பக்கத்திலிருந்தும் பெங்களூருக்கு வடக்கே சாதரஹள்ளியிலிருந்தும் வருகிறது. பளபளப்பு ஏற்றியது வேண்டாம். கார்த்திகை மழையில் ஒரு கால் வழுக்கினால் இடுப்பெலும்பு போகும். தீ நாக்கால் சுட்டு மேல்பரப்பைச் சொரசொரப்பாக்கிய ஃபிளேம் ரகம், இல்லையென்றால் உளியால் பொளிந்தது. அறுத்த பக்கம் கீழே, பொளிந்த பக்கம் மேலே. ஒரு காலத்தில் சென்னைக்கு இவ்வளவு தூரம் போக வேண்டிய அவசியமே இருந்ததில்லை. பல்லாவரம், திரிசூலம் மலைகளில் நீலம் பாய்ந்த கருங்கல் வெட்டினார்கள். கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு இங்கிருந்து போன கல்லைப் பார்த்துத்தான் நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் அந்தப் பாறை வகைக்குச் சார்னகைட் என்று பெயர் வைத்தார். பழைய வீடு இடிக்கிற இடத்தில் பல்லாவரத்துக் கல் கிடைத்தால் விடமாட்டேன். அதைப் புதிதாக வெட்டுகிற கல்லுக்குக் கொடுக்கிற விலைக்கே வாங்கலாம்.

எந்தக் கல்லானாலும் ஒரு சோதனை செய்த பிறகே ஆர்டர் கொடுப்பேன். மாதிரித் துண்டை ஒரு பக்கெட் கடல் தண்ணீரில் ராத்திரி ஊறப்போடுவது, பகலில் வெயிலில் காயப்போடுவது. சில வாரம் தொடர்ந்தால் பக்கெட்டின் அடியில் மணல் சேருகிறதா, ஓரம் உதிர்கிறதா என்று தெரிந்துவிடும். ஆய்வகங்களில் சோடியம் சல்பேட் கரைசலில் செய்வதும் இதே தத்துவம்தான். மத்தியானம் இரண்டு மணிக்கு அதே துண்டின்மேல் வீட்டுக்காரரை வெறுங்காலில் நிற்கச் சொல்வேன். கடையில் ஏசிக்குள் பார்த்துத் தேர்ந்தெடுத்த நிறம் பாதி தடவை அங்கேயே மாறிவிடும். நேரம் இருப்பவர்களை முட்டுக்காட்டில் தட்சிணசித்ராவுக்கு அனுப்புவேன். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் வடிவமைத்து 1996-ல் திறந்த இடம். செட்டிநாட்டு வீடு முதல் பல ஊர் வீடுகளின் திண்ணையையும் முற்றத்தையும் மிதித்துப் பார்த்துவிட்டு வந்தால், எந்தச் சொரசொரப்பு தங்கள் காலுக்குப் பிடிக்கிறது என்று சொல்லத் தெரிகிறது.

இனி, போடுகிற விதம். நல்ல கல்லை வாங்கி, கான்கிரீட் கொட்டி, அதன்மேல் கலவையில் ஒட்டினால் நான் இதுவரை சொன்னதெல்லாம் வீண். போர் தண்ணீரிலேயே கலவை குழைப்பார்கள். கடலை ஒட்டிய பல கிணறுகளில் அது உப்பு. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம், கம்பியில்லாததற்கு 2,000 மில்லிகிராம் வரைதான் குளோரைடு இருக்கலாம் என்று கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிர்ணயம் ஐஎஸ் 456 சொல்கிறது. சோதிக்காமல் குழைத்த கலவை முதல் கோடையிலேயே கல்லின் இணைப்பில் வெள்ளையாகப் பூக்கும். கான்கிரீட் விரிசல் விட்டால் மேலே ஒட்டின கல்லும் அதே கோட்டில் விரியும். ஒரு கல்லை மாற்ற நாலு கல்லை உடைக்க வேண்டும்.

நான் மணல்மேலேயே போடுகிறேன். ஏழு அங்குலம் தோண்டி, மணல் மேலே ஏறாமலிருக்க ஜியோ துணி விரித்து, நாலு அங்குலத்துக்கு ஜல்லியும் கிரஷர் பவுடரும் கலந்து கொட்டித் திமிசு போட்டு இறுக்குவது முதல் வேலை. ஜல்லி இருப்பதால் பெருச்சாளியும் சுலபத்தில் துளைக்காது. அதன்மேல் ஓர் அங்குலம் எம்-சாண்ட், அதன்மேல் இரண்டு அங்குலக் கனமுள்ள கல். சிமென்ட் பயன்படுவது சுற்றிலும் கல் நகராமல் பிடிக்கிற ஓரக்கல்லுக்கு மட்டும்தான். அதற்கும் லாரித் தண்ணீர். பத்தடிக்கு ஒன்றரை அங்குலம் வாட்டம், வீட்டுக்கு எதிர்ப்பக்கமாக. இணைப்பில் கால் அங்குலம் விட்டு நொறுங்கல் கல்லைக் கூட்டிச் சேர்க்க வேண்டும். இரண்டடிக்கு ஓரடிக் கல் ஏறக்குறைய 25 கிலோ வரும், ஓர் ஆள் தூக்கலாம். இரண்டுக்கு இரண்டு என்றால் 50 கிலோ, இரண்டு ஆள் வேண்டும். அதனால் நான் சின்ன அளவையே சொல்கிறேன். நாளைக்கு ஒரு குழாய் உடைந்தால் வீட்டுக்காரரே ஒரு கடப்பாரையும் ஓர் ஆளையும் வைத்து எடுத்துப் போட்டுக்கொள்ளலாம்.

நெதர்லாந்தில் தெருக்களையே இப்படித்தான் போடுகிறார்கள். இளகிய நிலம் அமிழ்ந்துகொண்டே இருப்பதால் மணல்மேல் செங்கல் அடுக்கி, பள்ளம் விழுந்தால் அதே கல்லை எடுத்து, மணல் நிரப்பி, திரும்ப அடுக்குகிறார்கள். பணக்கார நாடு, கான்கிரீட்டுக்குப் பஞ்சமில்லை. தெரிந்தேதான் அப்படிச் செய்கிறார்கள்.

இந்த முறைக்குக் கொத்தனார்கள் முகம் சுளிப்பதுண்டு. கலவையில் வைத்தால் அரை அங்குலப் பிசகைக் கலவை மறைத்துவிடும். மணலில் வைக்கும்போது நூல் பிடித்து, ஒவ்வொரு கல்லையும் மரச்சுத்தியால் தட்டி உட்காரவைக்க வேண்டும். ஒரு நாளில் பாதி வேலைதான் ஆகும். அந்தக் கூலியைக் கொடுக்க நான் தயங்குவதில்லை. சிமென்ட்டுக்கும் கம்பிக்கும் போகிற பணத்தை ஆளுக்குக் கொடுப்பதில் எனக்குச் சந்தோஷம்.

பாலவாக்கத்தில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. திருவான்மியூரிலிருந்து தெற்கே கடலோரமாக ஓடுகிற மணல் திட்டுத்தான் இங்கே நல்ல தண்ணீரைப் பிடித்துவைக்கிற பாத்திரம். வருடத்துக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை, அதில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில். 2003-ல் மழைநீர் சேகரிப்பைத் தமிழ்நாடு முழுக்கக் கட்டாயமாக்கியபோது மாடித் தண்ணீருக்குக் குழாய் போட்டோம். அப்புறம் பின்பக்கம் முழுக்க டைல்ஸ் ஒட்டி அதே தண்ணீரைத் தெருவுக்கு அனுப்பினோம். மணலுக்குள் நல்ல தண்ணீர் இறங்காவிட்டால் கடல் உள்ளே வரும்; 2019 கோடை வறட்சியில் கிணற்றில் உப்பைக் குடித்தவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. இணைப்பு திறந்த தளத்தில் மழை நின்ற இடத்திலேயே இறங்கிவிடுகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியபோது நான் போட்ட தளங்களில் இரண்டில் கல் கொஞ்சம் இறங்கியது. மழை விட்டதும் போய் அந்த மூலையை மட்டும் எடுத்து, மணல் சேர்த்து, அதே கல்லை வைத்துவிட்டு வந்தோம். தென்னை மரத்தடியில் வேர் தூக்கிய கல்லுக்கும் இதே வைத்தியம்தான்.

கடலைப் பார்த்த தோட்டம் என்றால் விளக்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் வேலையை முடிக்கமாட்டேன். ஜனவரியிலிருந்து இந்தக் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறுகின்றன. நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை மாணவர்கள் ராத்திரி முழுக்க நடந்து முட்டைகளைப் பாதுகாக்கிறார்கள். குஞ்சுகள் வெளிச்சத்தைக் கடல் என்று நம்பித் திரும்பிவிடும். அதனால் தளத்தில் பதிக்கிற விளக்கு, தூணில் மாட்டுகிற விளக்கு எதுவும் கிழக்கே பார்க்கக் கூடாது. கணுக்காலுக்குக் கீழே, மங்கலாக, மஞ்சளாக இருந்தால் போதும். இதுவரை இதற்கு மறுப்பு சொன்ன வீட்டுக்காரர் யாருமில்லை.

டெக் கேட்ட அம்மாவின் வீட்டில் கடைசியில் இரண்டும் போட்டோம். வராந்தாக் கூரையின் நிழல் விழுகிற ஆறடிக்குப் பழைய தேக்குச் சட்டத்திலிருந்து அறுத்த பலகை. மேலிருந்தே கழற்றுகிற மாதிரி 316 திருகாணி. அதற்கு அப்பால் தென்னை வரைக்கும் பொளிந்த கருங்கல். இணைப்பில் புல் முளைக்கிறது என்று ஒருமுறை போன் செய்தார். மருந்து அடிக்க வேண்டாம், கிணற்றுக்குத்தான் இறங்கும், மழை பெய்த மறுநாள் கையால் பிடுங்கினால் வேரோடு வரும் என்றேன். கூடவே, நாங்கள் வாங்கும்போதே கூடுதலாக எடுத்து மதிலோரம் சாய்த்துவைத்த எட்டுக் கல்லை யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம் என்றும் சொன்னேன். அதே குவாரியின் அதே நிறம் அடுத்த வருடம் கிடைக்காது.